பட்டாணி யாருக்கு?

ரொட்டியை வெட்டும்போது கத்தி 'டக்' என்று எதிலோ இடிக்கிறது. என்ன செய்வீர்கள்? கல் என்று நினைப்பீர்கள். பேக்கரிக்காரரிடம் போய் நாலு வார்த்தை கேட்பீர்கள். கொஞ்சம் சூடான ஆசாமி என்றால் நுகர்வோர் கோர்ட் வரைக்கும்கூடப் போவீர்கள்.

அயர்லாந்தில், அக்டோபர் 31-ம் தேதி சாயங்காலம் அந்த 'டக்' கேட்டால் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் ஓவென்று கத்துவார்கள். யாருடைய துண்டில் இடித்ததோ அவர் முகம் சிவந்துவிடும். உள்ளே இருப்பது மோதிரம். ஒரு வருஷத்துக்குள் அவருக்குக் கல்யாணம் என்று அர்த்தம்.

ரொட்டியின் பெயர் பார்ம்பிராக். சுருக்கமாக பிராக். ஐரிஷ் மொழியில் 'பாரீன் பிராக்' என்றால் புள்ளி போட்ட ரொட்டி. வெட்டினால் உள்ளே கறுப்பும் பழுப்புமாகத் திராட்சை தெரியும், அதனால் அந்தப் பெயர். இல்லை இல்லை, 'பார்ம்' என்றால் பீர் நுரைக்கும்போது மேலே திரளுகிற ஈஸ்ட், அந்தக் காலத்தில் அதை வழித்துத்தான் மாவைப் பொங்க வைத்தார்கள், பெயர் அங்கிருந்து வந்தது என்று இன்னொரு கட்சியும் உண்டு. எந்தக் கட்சி ஜெயித்தாலும் ருசி மாறப்போவதில்லை. நாம் மேலே போவோம்.

ஹாலோவீன் என்றதும் அமெரிக்கா ஞாபகத்துக்கு வந்தால் உங்கள் மேல் குற்றமில்லை. பரங்கிக்காயைக் குடைந்து, கண் மூக்கு வைத்து, உள்ளே விளக்கேற்றுவதை சினிமாவில் அப்படித்தான் பார்த்திருக்கிறோம். ஆனால் சரக்கு ஏற்றுமதியானது அயர்லாந்திலிருந்தும் ஸ்காட்லாந்திலிருந்தும். அங்கே குடைந்தது டர்னிப் கிழங்கை. பிழைக்கப் போன இடத்தில் அதைவிடப் பெரிசாக, குடையச் சுலபமாகப் பரங்கிக்காய் கிடைத்தது. மாறிக்கொண்டார்கள்.

வேர் இன்னும் பழசு. நவம்பர் 1 அன்று குளிர்காலம் பிறக்கிறது என்பது பழைய ஐரிஷ் கணக்கு. அறுவடை முடிந்திருக்கும். கோடையில் மலைமேல் மேய்ந்த மாடுகள் கீழே இறங்கி வந்திருக்கும். அந்தத் திருநாளின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'சம்ஹைன்' என்று வரும். ஐரிஷ்காரர்கள் வாயில் அது 'சௌவின்'. முதல் தடவை என் காதில் விழுந்தது 'சாவின்' என்று. பொருத்தம்தான். செத்துப்போனவர்கள் சொந்த வீட்டைப் பார்க்க வருகிற காலம் அது என்று நம்பிக்கை. கதவைத் தாழ்போடாமல், அடுப்புத் தீயை அணைக்காமல் படுத்த வீடுகள் உண்டு. நம் ஊரில் முன்னோர்கள் காக்கா ரூபத்தில் பகலில் வருகிறார்கள். அங்கே ராத்திரியில் நேராகவே வந்துவிடுகிறார்கள்.

போனவர்கள் வரும் அளவுக்குக் கதவு திறந்திருக்கிற ராத்திரியில், வரப்போவதையும் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் என்ன? இப்படித்தான் ஹாலோவீன் ஜோசியங்கள் ஆரம்பித்தன. ஆப்பிள் தோலை வைத்து ஒரு ஜோசியம், கொட்டைகளைத் தீயில் போட்டு ஒரு ஜோசியம். கத்தோலிக்கர்களுக்கு அன்று விரதம், கறி கிடையாது. உருளைக்கிழங்கையும் கீரையையும் வெண்ணெய் விட்டு மசித்த கால்கானன் ஒரு பக்கம். நடுவில், ஜோசியத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு பிராக்.

நான் இதையெல்லாம் தெரிந்துகொண்டது 2018 அக்டோபரில், டப்ளினில்.

என் சித்தப்பா மகள் அங்கே நர்ஸ். 2000-க்குப் பிறகு அயர்லாந்து ஆஸ்பத்திரிகள் இந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் நர்ஸுகளை வேலைக்கு எடுத்தன. அந்த வழியில் போனவள். மதுரையில் படித்து, சென்னையில் நாலு வருஷம் வேலை பார்த்து, இங்கிலீஷ் பரீட்சை எழுதி விமானம் ஏறினாள். அப்போது வயது 36. கல்யாணம் ஆகவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்துக்கு எங்கள் குடும்பத்தில் யாரும் முற்றுப்புள்ளி வைப்பதில்லை. பெருமூச்சுதான் வைப்பார்கள்.

நான் கிளம்பும்போது சித்தி பருப்புப்பொடி, சுண்டைக்காய் வத்தல், ரெண்டு கிலோ புளி எல்லாம் கட்டிக் கொடுத்தார். கடைசியில் ஒரு பழுப்புக் கவர். உள்ளே மூன்று ஜாதகம்.

"ஏம்ப்பா, நீ சொன்னா அவ கேப்பா. நைசா எடுத்துக் குடு."

டப்ளின் ஏர்போர்ட்டில் இறைச்சி, பால் சாமான் ஏதாவது கொண்டுவந்திருக்கிறீர்களா என்றுதான் கவலைப்படுகிறார்கள். மாப்பிள்ளை கொண்டுவந்திருக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. மூன்று பேரும் டூட்டி கட்டாமல் வெளியே வந்துவிட்டார்கள்.

தங்கை கவரைப் பிரித்தாள். மூன்றையும் ஒரு தரம் பார்த்தாள். ஃப்ரிஜ் கதவில் ஒரு காந்த பொம்மைக்கு அடியில் செருகினாள். "சாப்பிட என்னண்ணே செய்யட்டும்?" என்றாள். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டில் 78 வயதுப் பாட்டி ஒருவர். மேற்கே கிளேர் மாவட்டத்தில், கிராமத்தில் பிறந்தவர். கல்யாணமாகி டப்ளினுக்கு வந்து அரை நூற்றாண்டுக்கு மேல். கணவர் இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். ஹாலோவீன் சாயங்காலம் தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டு டீயும் பிராக்கும் கொடுப்பது அவர் வழக்கம். அந்த வருஷம் வலது மணிக்கட்டில் கட்டு. மாவு பிசைய ஆள் வேண்டும். என் தங்கை பிசைவது என்று ஏற்பாடு. கூடவே இருந்த பாவத்துக்கு எனக்கும் ஒரு ஏப்ரன் கிடைத்தது.

வேலை முந்தின நாள் ராத்திரியே ஆரம்பித்துவிட்டது. 350 கிராம் உலர்ந்த திராட்சை, கூடவே சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் கொஞ்சம். இரண்டையும் பால் சேர்க்காத திக்கான டீயில் ஊறப் போட்டார் பாட்டி. அயர்லாந்து டீ குடிப்பதில் உலகத்தின் முன்வரிசை தேசம். ரொட்டிக்கும் ஒரு கப் கொடுத்துவிடுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. காய்ந்த திராட்சையை அப்படியே போட்டால் அது மாவில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ரொட்டி வறவறவென்று ஆகிவிடும்.

காலையில் மாவு. 450 கிராம். சாதாரண மாவு இல்லை, ரொட்டிக்கென்றே விற்கிற, புரதம் கூடுதலான மாவு. அயர்லாந்தின் மழைக்கும் ஈரத்துக்கும் விளைகிற கோதுமை மிருதுவானது. அதன் மாவில் ஜவ்வு போதாது. அதனால்தான் 19-ம் நூற்றாண்டில் சமையல் சோடா புழக்கத்துக்கு வந்ததும் மோரும் சோடாவும் சேர்த்துச் சுடுகிற சோடா ரொட்டி அங்கே தினசரிச் சாப்பாடாகிவிட்டது. ஈஸ்ட், முட்டை, வெண்ணெய், திராட்சை என்று இறங்குவது விசேஷத்துக்கு மட்டும். நமக்கு தினமும் இட்லி, தீபாவளிக்கு அதிரசம் என்கிற மாதிரி.

மாவில் ஒரு டீஸ்பூன் உப்பு, 60 கிராம் சர்க்கரை, பட்டையும் ஜாதிக்காயும் பொடித்தது ஒரு டீஸ்பூன், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம். 50 கிராம் வெண்ணெயைப் பிசிறிவிட்டு, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, 225 மில்லி பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பால் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். கை பொறுக்காத சூடு என்றால் ஈஸ்ட் செத்துவிடும். அப்புறம் பத்து நிமிஷம் பிசையல். சப்பாத்திக்குப் பிசைகிற மாதிரி குத்தினால் போதாது. உள்ளங்கையால் தள்ளி, இழுத்து, மடித்து, திருப்பி, மறுபடி தள்ள வேண்டும். ஆரம்பத்தில் கையெல்லாம் ஒட்டும். விடாமல் செய்தால் ஒரு கட்டத்தில் வழவழவென்று காது மடல் மாதிரி ஆகிவிடும்.

தங்கை பிசைவதைப் பாட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். "ஆளைப் புரட்டிப் படுக்கவைத்துப் பழகிய கை. தெரிகிறது" என்றார். நர்ஸ் வேலைக்கு அதைவிட நல்ல சர்டிபிகேட்டை நான் கேட்டதில்லை.

மாவை 'ஹாட் பிரஸ்'ஸில் வைக்கச் சொன்னார். இஸ்திரிப் பெட்டியைத் தேடினேன். அது இல்லையாம். வெந்நீர் டாங்க் இருக்கிற அலமாரிக்கு அயர்லாந்தில் அதுதான் பெயர். துண்டு, போர்வை எல்லாம் கதகதப்பாக இருக்க அதில் அடுக்குகிறார்கள். நடுவில் மாவுப் பாத்திரமும் உட்கார்ந்துகொண்டது. பொங்கி இரண்டு மடங்காக ஒன்றரை மணி நேரம். சர்க்கரையும் வெண்ணெயும் பட்டையும் சேர்ந்த மாவில் ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை பார்க்கும். கவர்ன்மென்ட் ஃபைல் மாதிரி, அதுவாக நகர வேண்டும்.

பொங்கிய மாவைத் தட்டி, வடிகட்டிய திராட்சையைச் சேர்த்து, உருண்டையாக்கி, 20 சென்டிமீட்டர் வட்டத் தட்டில் வைத்தாயிற்று. அப்போதுதான் பாட்டி பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார். அவருடைய அம்மாவின் டப்பா. திறந்து ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார்.

ஒரு பித்தளை மோதிரம். ஒரு பழைய காசு. ஒரு துண்டு கந்தல். தீக்குச்சி நீளத்துக்கு ஒரு குச்சி. காய்ந்த பட்டாணி ஒன்று.

மோதிரம், கல்யாணம். காசு, பணம். கந்தல் வந்தால் வறுமை. குச்சி வந்தால் புருஷன் அடிப்பான். பட்டாணி வந்தால் இந்த வருஷம் கல்யாணம் கிடையாது. சில வீடுகளில் தையற்காரர்கள் விரலில் மாட்டுகிற அங்குஸ்தானையும் வைப்பார்களாம். அது வந்த பெண்ணுக்குக் கடைசிவரை கல்யாணமே இல்லை. ஆண்களுக்கு அதே வேலையைப் பொத்தான் செய்யும்.

நான் பி.காம். படித்தவன். ஐந்து சாமானையும் பார்த்ததும் கை தானாக நடுவில் ஒரு கோடு போட்டது. வரவுப் பக்கம் மோதிரம், காசு. பற்றுப் பக்கம் கந்தல், குச்சி, பட்டாணி. கம்பெனி தெளிவாக நஷ்டத்தில் ஓடுகிறது. இதில் பங்கு வாங்க எதற்காக இத்தனை பேர் ஆசையாக வந்து உட்கார்ந்தார்கள்?

கேட்டேன். பாட்டி தன் அக்காவைப் பற்றிச் சொன்னார்.

அக்கா நாலு வயது மூத்தவர். அவருக்கு 16 நடக்கும்போது ஹாலோவீன் ரொட்டியில் பட்டாணி வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார். அடுத்த வருஷமும் பட்டாணி. அப்போதும் சிரித்தார்கள், அக்கா கொஞ்சம் குறைவாக. மூன்றாவது வருஷமும் அதே பட்டாணி. யாரும் சிரிக்கவில்லை. அக்கா துண்டைத் தட்டில் வைத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். நாலாவது வருஷம் மேஜைக்கு வர அவர் ஊரிலேயே இல்லை. இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து தங்கவே இல்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

"பட்டாணியாலா?" என்றாள் தங்கை.

"பட்டாணியால் யாராவது கப்பல் ஏறுவார்களா? நிலம் அண்ணனுக்கு. அக்காவுக்குக் கொடுக்க வரதட்சணை இல்லை. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வாய்விட்டுச் சொன்னது பட்டாணிதான்."

வரதட்சணை என்று நான் எழுதியிருப்பதை இன்னொரு தரம் படியுங்கள். அயர்லாந்தில்தான்.

1845-ல் உருளைக்கிழங்குப் பயிரில் விழுந்த நோய் பெரும் பஞ்சமாகி, ஏழு வருஷத்தில் சுமார் 10 லட்சம் பேரைக் கொன்றது. அதற்கும் மேற்பட்டவர்களை நாட்டைவிட்டுத் துரத்தியது. மிஞ்சியவர்கள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று: நிலத்தைத் துண்டு போடாதே. ஒரு பிள்ளைக்கு மட்டும் நிலம். அவனுக்கு வருகிற மருமகள் கொண்டுவரும் பணத்தில் அவன் தங்கைகளில் ஒருத்திக்குக் கல்யாணம். மற்றவர்கள்? ஒன்று கப்பல், இல்லாவிட்டால் அண்ணன் வீட்டு அடுப்படி. பேச்சு முடிக்கத் தரகர்கள் இருந்தார்கள். கிளேர் மாவட்டத்து லிஸ்டூன்வர்னா என்ற ஊரில், அறுவடை முடிந்த கையோடு செப்டம்பரில் வரன் பார்க்கும் திருவிழாவே நடக்கிறது. இன்றைக்கும்.

1911-ம் வருஷ சென்சஸில், 45-லிருந்து 54 வயது வரையுள்ள ஐரிஷ் பெண்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் கல்யாணமே ஆகாதவர். ஆண்களிலும் நிலைமை அதற்குக் குறைச்சலில்லை. நமக்கு ஆடி, மார்கழி ஆகாது என்பதுபோல அவர்களுக்கு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கல்யாணம் ஆகாது. அதனால் தவக்காலம் பிறப்பதற்குள் முடித்தாக வேண்டும். முடியாதவர்களுக்கு என்ன மரியாதை தெரியுமா? தவக்காலத்தின் முதல் ஞாயிறு அன்று சர்ச்சுக்கு வருகிற கல்யாணமாகாதவர்களின் முதுகில் பையன்கள் சாக்பீஸால் கோடு போட்டுவிடுவார்கள். தெற்கிலும் மேற்கிலும் பல ஊர்களில் இந்த வழக்கம் இருந்தது. சாக்பீஸ் ஞாயிறு என்றே பெயர்.

இப்போது அந்த மேஜையை யோசித்துப் பாருங்கள். நாலில் ஒருத்திக்கு மோதிரம் வரவே போவதில்லை என்கிற ஊரில், ஒரு ரொட்டியை வெட்டி, "யாருக்கு மோதிரம்? யாருக்குப் பட்டாணி?" என்று கேட்கிறார்கள். விளையாட்டுதான். ஆனால் பணயம் வைத்திருப்பது நிஜக் காசு.

ஜேம்ஸ் ஜாய்ஸ் இதைக் கண்கொட்டாமல் பார்த்திருக்கிறார். 1914-ல் வெளியான 'டப்ளினர்ஸ்' தொகுப்பில் 'களிமண்' என்று ஒரு சிறுகதை. மரியா என்கிற வயதான, கல்யாணமாகாத, குள்ளமான பெண்மணி. ஒரு சலவை நிலையத்தில் வேலை. ஹாலோவீன் அன்று அங்கே பிராக் வெட்டிப் பரிமாறுவது அவள்தான். இந்த வருஷம் மோதிரம் உனக்குத்தான் என்று கூட வேலை பார்ப்பவர்கள் வருஷா வருஷம் கேலி செய்வார்கள். அவளும் சிரித்து வைப்பாள். ராத்திரி ஒரு வீட்டு விருந்துக்குப் போகிறாள். அங்கே கண்ணைக் கட்டிக்கொண்டு தட்டுகளைத் தொடுகிற இன்னொரு ஜோசிய விளையாட்டு. குறும்புக்காரப் பெண்கள் வைத்த மண்ணில் அவள் விரல் படுகிறது. மண் என்றால் சாவு. எல்லோரும் ஒரு கணம் அமைதியாகிவிடுகிறார்கள். இது கணக்கில் சேராது என்று மறுபடி விளையாட வைக்கிறார்கள். அவளுக்கு என்ன நடந்ததென்றே புரிவதில்லை. நமக்குப் புரிந்துவிடுகிறது. கதை முழுக்க யாரும் அவளிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. எல்லோரும் அன்பானவர்கள். அதுதான் கதையே.

சரி, டப்பாவுக்கு வருவோம்.

அம்மா காலமான பிறகு டப்பா பாட்டியிடம் வந்தது. முதல் வருஷமே குச்சியையும் கந்தலையும் நிறுத்திவிட்டாராம். "என் அம்மா கெட்டவள் இல்லை. அக்காவுக்குப் பட்டாணி வரக்கூடாது என்று எங்களில் அதிகம் வேண்டிக்கொண்டவள் அவள்தான். ஆனால் அதை உள்ளே வைத்ததும் அவள் கைதானே?"

இதைச் சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு பட்டர் பேப்பரை வெட்டிக்கொண்டிருந்தார். தங்கை மேஜைமேல் இருந்த பட்டாணியை எடுத்து உருட்டினாள்.

"குச்சியை எடுத்துட்டீங்க. இதை ஏன் இன்னும் வெச்சிருக்கீங்க?"

"அதையும் எடுத்துவிட்டால் அக்கா இந்த மேஜைக்கு எப்படி வருவாள்? அர்த்தத்தை மட்டும் மாற்றிவிட்டேன். என் வீட்டில் பட்டாணி வந்தால், தூர தேசம் போவாய் என்று அர்த்தம்."

"நான் போயாச்சே" என்றாள் தங்கை. இருவரும் சிரித்தார்கள். எனக்கு மேஜையில் இருந்த பட்டாணியோடு, பக்கத்து வீட்டு ஃப்ரிஜ் கதவில் தொங்குகிற மூன்று ஜாதகங்களும் ஞாபகம் வந்தன. கிரகங்கள் கட்டத்துக்குள் எப்படி வேண்டுமானாலும் உட்காரட்டும். கவரில் போட்டு ஒட்டியது ஒரு கை. பருப்புப்பொடி அரைத்த அதே கை.

மோதிரம், காசு, பட்டாணி மூன்றையும் தனித்தனியாகப் பட்டர் பேப்பரில் சுற்றி, மாவின் அடிப்பக்கமாக அழுத்தி மூடினோம். இன்னொரு 40 நிமிஷம் பொங்கவிட்டு, 180 டிகிரியில் 45 நிமிஷம் அவனில். மேலே சீக்கிரம் சிவந்தால் ஒரு காகிதத்தைப் போர்த்திவிட வேண்டும். வெந்துவிட்டதா என்று பார்க்க ரொட்டியைத் தலைகீழாகத் திருப்பி அடியில் விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். பானை தட்டின மாதிரி வெற்றுச் சத்தம் வந்தால் வெந்துவிட்டது. சூடாக இருக்கும்போதே சர்க்கரைத் தண்ணியைத் தடவ, மொழுமொழுவென்று பளபளத்தது. வீடு முழுக்கப் பட்டை வாசனை.

சாயங்காலம் அஞ்சு மணிக்கே இருட்டிவிட்டது. தெருவில் எலும்புக்கூடும் சூனியக்காரியுமாகக் குழந்தைகள். அயர்லாந்தில் பொதுமக்கள் பட்டாசு விற்பதும் வெடிப்பதும் சட்டப்படி குற்றம். அதனால் அன்று ராத்திரி எங்கு பார்த்தாலும் வெடித்தார்கள். அடுத்த வாரம் தீபாவளி. நான் அங்கேயே கொண்டாடிவிட்டதாகக் கணக்கு வைத்துக்கொண்டேன்.

ரொட்டியை வெட்டினார்கள். காசு, எதிர்வீட்டு ஆறு வயதுப் பையனுக்கு. உடனே அதை வைத்து என்ன வாங்கலாம் என்று அவன் பேரம் ஆரம்பித்தான். மோதிரம் எனக்கு. ஒரே கைதட்டல். மனைவிக்குப் போன் போட்டு, "ஒரு வருஷத்துல எனக்குக் கல்யாணமாம்" என்றேன். "பொண்ணு குடுக்க யாராவது ஒத்துக்கிட்டாங்களா, கேட்டுக்குங்க" என்று வைத்துவிட்டாள்.

பட்டாணி பாட்டிக்கே வந்தது. பேப்பரைப் பிரித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த வயதில் தூர தேசம் என்றால் ஒரே ஊர்தான்" என்றார். மேஜை ஒரு கணம் அமைதியாகிவிட்டது. அவரே முதலில் சிரித்தார். பட்டாணியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, இன்னும் யாருக்கு டீ வேண்டும் என்று எழுந்துபோனார்.

தங்கையின் துண்டில் எதுவும் இல்லை. "எனக்கு வெறும் ரொட்டிதாண்ணே" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். பரீட்சை ரத்தாகிவிட்ட பிள்ளையின் முகம். இன்னொரு துண்டு எடுத்து, வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, நின்றுகொண்டே சாப்பிட்டாள். எட்டு மணிக்கு நைட் டூட்டி.

பஸ் ஸ்டாப் வரை கூட நடந்தேன். அவளாகவே ஆரம்பித்தாள்.

"மூணையும் படிச்சேண்ணே. வேணும்னா நானே பேசிக்கிறேன், வேணாம்னா நானே சொல்லிடறேன். அம்மாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அடுத்த தடவை பருப்புப்பொடி குடுத்துவிட்டாப் போதும். உள்ளே ஒண்ணும் வைக்க வேணாம்."

ஊர் திரும்பியதும் சித்தி போன் செய்தார். "என்னப்பா சொன்னா?"

"பருப்புப்பொடி போதுமாம் சித்தி. கூட எதுவும் வைக்க வேணாம்னு சொல்லச் சொன்னா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரி, இந்தத் தடவை பூண்டு கொஞ்சம் கூடப் போட்டு அரைக்கிறேன்" என்றார்.

இன்று அயர்லாந்து சூப்பர் மார்க்கெட்டுகளில் அக்டோபர் மாதம் விற்கிற பிராக்கில் பெரும்பாலும் மோதிரம் மட்டும்தான் இருக்கும். குச்சி, கந்தலை யாரும் சட்டம் போட்டு நிறுத்தவில்லை. ஒவ்வொரு சமையலறையிலும் யாரோ ஒருவர் டப்பாவைத் திறந்து பார்த்து, 'இது வேண்டாம்' என்று எடுத்து வைத்திருக்கிறார். அப்படித்தான் குறைந்தது.

நம் வீடுகளிலும் டப்பா உண்டு. விசேஷத்துக்கு வந்த பெண்ணின் இலையில் இனிப்பை வைத்துக்கொண்டே, "அப்புறம், உனக்கு எப்போ?" என்று கேட்கிறோமே, அதுவும் பட்டாணிதான். பாசமாகச் சுற்றி, அடிப்பக்கமாக அழுத்தி வைத்த பட்டாணி.

இந்த ரொட்டியை நீங்களும் செய்து பாருங்கள். அளவெல்லாம் மேலேயே இருக்கிறது. நம் ஊர்ச் சூட்டுக்கு ஹாட் பிரஸ் தேவையில்லை, மாவு ஒரு மணி நேரத்தில் பொங்கிவிடும். உள்ளே ஏதாவது வைப்பதாக இருந்தால் பட்டர் பேப்பரில் சுற்றி, சாப்பிடுகிறவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். பல் பத்திரம். என்ன வைப்பது என்று தீர்மானமாகவில்லையா? இன்னும் ஒரு பிடி திராட்சை போடுங்கள். யார் துண்டில் வந்தாலும் இனிக்கும்.